உள்ளரங்கில் பந்து பறக்கிறது, எந்த லென்ஸ் வாங்கலாம்?

கேமரா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைச் சுற்றித்தான்: பள்ளிப் பிள்ளைகள் உள்ளரங்கில் ஆடுவதை எப்படிப் படம் எடுப்பது, அதற்கு என்ன லென்ஸ். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நிலாவைப் படமெடுக்கக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நிலா எங்கேயும் போய்விடாது.

கேள்வி: என் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸும் 55-250 லென்ஸும் வைத்திருக்கிறேன். வெளி மைதானத்தில் படங்கள் பளிச்சென்று வருகின்றன. உள்ளரங்கில் எடுத்தால் முகம் கலங்கிவிடுகிறது, கை இரண்டாகத் தெரிகிறது. ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன். 300 மி.மீ. வரை போகும் லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா சார்?

பதில்: ஆகாதம்மா. உங்களுக்குப் பற்றாமல் இருப்பது வெளிச்சம். 300 மி.மீ. அதைத் தராது.

உங்கள் 55-250 லென்ஸின் முன்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றி உள்ள வளையத்தில் பொடி எழுத்தில் 1:4-5.6 என்று போட்டிருக்கும். 55-இல் இருக்கும்போது எஃப் 4 வரை திறக்கும், ஜூம் செய்யச் செய்ய அந்தத் திறப்பு குறைந்து 250-இல் எஃப் 5.6-தான் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். எஃப் எண் சிறிதாக இருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். 5.6-ஐவிட 2.8 நான்கு மடங்கு வெளிச்சம் விடும். 1.8 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் மி.மீ. எல்லார் கண்ணிலும் படும். வாங்குகிறவர் படிக்க வேண்டியது இந்தப் பொடி எழுத்தைத்தான். நீங்கள் கேட்கும் 70-300 வகையின் வளையத்திலும் பெரும்பாலும் 4-5.6 என்றோ 4.5-5.6 என்றோதான் இருக்கும். அதாவது இப்போது இருக்கும் அதே இருட்டை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளியுணர்வு, ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளிகள் தட்டும். நான் போய் எடுத்த பல பள்ளி அரங்குகளில் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி கிடைக்கும். கூடைப்பந்துக்கு நான் ஒத்துக்கொள்ளும் குறைந்தபட்ச வேகம் அதுதான். அதே அரங்கில் அதே ஐஎஸ்ஓவில் உங்கள் 5.6 லென்ஸைப் போட்டால் வேகம் 1/125-க்கு இறங்கிவிடும். பந்தை வீசும் கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/125 நொடிக்குள் அது 4 செ.மீ. நகர்ந்துவிடும். 1/500 என்றால் 1 செ.மீ.தான். கை இரண்டாகத் தெரிந்தது அந்த 4 செ.மீ.தான்.

ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். உங்கள் மகள் ஓடுவதை அது நிறுத்தாது. உள்ளரங்க விளையாட்டுக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது அந்த வசதி இருக்கிறதா இல்லையா என்று நான் பார்ப்பதே இல்லை.

சரி, எதை வாங்குவது? 85 மி.மீ. எஃப் 1.8. ஜூம் கிடையாது, மி.மீ. எண் மாறாத பிரைம் லென்ஸ். கேனான், நிக்கான், சோனி எல்லாருமே இந்த அளவில் ஒன்று வைத்திருக்கிறார்கள். கேனானின் இஎஃப் 85 எஃப் 1.8 வந்தது 1992-இல். அத்தனை பழசாக இருந்தும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும், எடையும் 425 கிராம்தான். மேலே சொன்ன அரங்கில் இதைப் போட்டால், ஐஎஸ்ஓ 3200-லேயே வேகம் 1/1000-ஐத் தாண்டும். அல்லது 1/500 போதும் என்று ஐஎஸ்ஓவை 1600-க்குக் குறைத்துக்கொள்ளலாம். புள்ளி புள்ளியாகத் தெரியும் தொல்லை வெகுவாகக் குறையும்.

வாங்குவதற்கு முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. உங்கள் 55-250-ஐ 70-க்கும் 100-க்கும் நடுவில் வைத்து, ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு முழு ஆட்டத்தையும் அப்படியே எடுங்கள். படம் கலங்கட்டும், இருட்டாக இருக்கட்டும், கவலைப்படாதீர்கள். ஆள் சட்டத்துக்குள் எவ்வளவு பெரிதாக விழுகிறார் என்று மட்டும் பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் 18-55-ஐ 50-இல் வைத்து அதேபோல் ஒட்டி எடுங்கள். 85 வேண்டுமா, 50 எஃப் 1.8 போதுமா என்பது அந்தப் படங்களிலேயே தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டே பார்க்க விரும்பினால்: உங்களுடையது ஏபிஎஸ்-சி எனும் சிறிய அளவு சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமரா. அதைச் செங்குத்தாகப் பிடித்தால் சட்டத்தில் விழும் உயரம், தூரத்தை 24-ஆல் பெருக்கி லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால் வரும். 10 மீட்டரில் 85 லென்ஸுக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். கை தூக்கி எம்பும் பிள்ளை முழுதாக விழும். 5 மீட்டரில் 1.4 மீட்டர்தான், கால் வெட்டுப்படும். அங்கே 50 லென்ஸ் 2.4 மீட்டர் தரும்.

கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கூடை இருக்கும் பக்கத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், மூலையை ஒட்டி உட்காருங்கள். அங்கிருந்து கூடைக்கு 7, 8 மீட்டர் இருக்கும். 85-க்கு அளவெடுத்துத் தைத்த தூரம். நடுக்கோடு வரை சமாளிக்கலாம். எதிர்ப்பக்கக் கூடையை விட்டுவிடுங்கள். பாதி ஆட்டத்தை ஒழுங்காக எடுத்தால் போதும், இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது மீதியும் உங்கள் பக்கமே வரும். பார்வையாளர் வரிசையின் உச்சியில் உட்கார்ந்து எடுப்பவர்கள் தலை உச்சிகளைத்தான் படமாக வைத்திருப்பார்கள். கோட்டருகே உட்காரப் பள்ளியிடமும் நடுவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காலை உள்ளே நீட்டாதவர்களை யாரும் எழுப்பிவிடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. 1.8-இல் முழுக்கத் திறந்து வைத்தால் ஃபோகஸ் ஆழம் மெலிந்துவிடும். 85-இல் 8 மீட்டர் தூரத்தில் தெளிவாக வரும் பகுதி சுமார் 60 செ.மீ. 5 மீட்டரில் கால் மீட்டர்கூட இல்லை. பந்து தெளிவாகவும் முகம் பஞ்சாகவும் வருவது இதனால்தான். அதனால் ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள். கேனானில் ஏஐ செர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. ஒரே புள்ளியை, அல்லது அதைச் சுற்றியுள்ள சின்னக் கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சட்டையில் இருக்கும் எண்ணின் மேல் வைத்துப் பின்தொடருங்கள். எண்ணின் விளிம்புகள் அழுத்தமாக இருப்பதால் கேமரா நழுவாமல் பிடிக்கும். வெளிச்சம் கொஞ்சம் இடம் கொடுத்தால் எஃப் 2 அல்லது 2.2-க்குப் போங்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்கு நான்தான் படம் எடுக்கிறேன். கூடைப்பந்து, கைப்பந்து, இறகுப்பந்து எல்லாம் எடுக்க வேண்டும். லென்ஸை அடிக்கடி மாற்ற நேரமில்லை. 70-200 எஃப் 2.8 வாங்கச் சொல்லிப் பள்ளியிடம் கேட்கலாமா?

பதில்: பள்ளி வாங்கித் தருவதானால் தாராளமாகக் கேளுங்கள். உங்கள் சொந்தக் காசு என்றால் 85-ஐத்தான் சொல்லுவேன்.

அந்த ஜூம் எங்கே நிறுத்தினாலும் எஃப் 2.8 மாறாது, ஆடுகளத்தின் எதிர்ப்பக்கமும் கைக்கு எட்டும். ஆனால் 1.8-இல் வரும் வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவுதான் 2.8-இல் வரும். இருட்டான அரங்கில் ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டியிருக்கும். கேமரா சமீபத்தியதாக இருந்தால் பயமில்லை. கோப்புகளை ராவில் (கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் மூலக் கோப்பு) எடுத்து வைத்தால், புள்ளிகளைத் துடைக்க இப்போது மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. 2023-இல் லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் வசதிக்குப் பிறகு ஐஎஸ்ஓ 6400-க்கு நான் பயப்படுவதில்லை. படத்தை இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் தூக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நிழல் பகுதியில் புள்ளிகள் கொப்பளித்து வரும். ஐஎஸ்ஓவை ஏற்றி, எடுக்கும்போதே முகத்துக்குச் சரியான வெளிச்சம் கொடுப்பது மேல்.

இன்னொன்று எடை. டிஎஸ்எல்ஆர் கால 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும், கேமராவின் எடை தனி. மூன்றாவது ஆட்டம் வரும்போது தோள் பதில் சொல்லும். மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கி ஒன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இறகுப்பந்துக்கு ஆடுகளம் 13.4 மீட்டர்தான். கோட்டின் மூலையில் உட்கார்ந்து, வலைக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து ஆடுபவரை எடுங்கள். ஸ்மாஷுக்கு 1/1000 வேண்டும். கைப்பந்தில் வலையோரம் எம்பித் தடுக்கும் கைகளைப் பிடிக்க ஒரு சூட்சுமம் உண்டு. எம்பியவர் உச்சியைத் தொடும் கணத்தில் உடல் மேலேயும் போகாது, கீழேயும் வராது. அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/250-இல்கூட முகம் தெளிவாக வரும். உங்களிடம் இருக்கும் லென்ஸ் எதுவானாலும் இது பலிக்கும், பழக்கம்தான் வேண்டும்.

கேள்வி: அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருட்டாகவும் வருகிறது. லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள், விளக்குதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகைக் குழல் விளக்குகளும் பாதரச விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/500 நொடியில் எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு துண்டுதான் படத்தில் பதிகிறது. ஒரு படம் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் போய் விழுகின்றன.

உங்கள் கேமராவின் மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள். கேனான் 7டி மார்க் 2-இல் 2014-இல் வந்தது, பிறகு பல கேமராக்களுக்குப் பரவிவிட்டது. விளக்கு உச்சியில் இருக்கும் கணத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். அது இல்லாவிட்டால் தொடர்ச்சியாகச் சில படங்கள் சுட்டு, நல்லதைப் பொறுக்குவதுதான் வழி. மிரர்லெஸ் கேமராவில் வரிவரியாக நிழல் விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

கேள்வி: லென்ஸுக்குப் பதில் ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்கினால்?

பதில்: வேண்டாம். பந்தைப் பார்த்து எம்பும் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது ஆபத்து. ஜிம்னாஸ்டிக்ஸில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் மாணவன். நிக்கான் டி3500 வைத்திருக்கிறேன். பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்காதே தம்பி. லென்ஸ் நல்ல லென்ஸ்தான், ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 மாதிரி கேமராக்களின் உள்ளேயும் மோட்டார் இல்லை. மாட்டினால் மாட்டும், படமும் வரும், ஃபோகஸை மட்டும் நீ கையால் திருப்ப வேண்டும். ஓடுகிற ஆளுக்கு அது நடக்காத காரியம். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதைத் தேடு. 50 எஃப் 1.8ஜி 2011-இல் வந்தது, 85 எஃப் 1.8ஜி 2012-இல். இரண்டுமே பழைய சரக்காகக் கிடைக்கின்றன. கேனான் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, இஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

பழையதை வாங்கும்போது ஃபோன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் வழியாகப் பார். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, அதைத் தொடாதே. இரண்டு தூசிக்குப் பயப்படாதே. அப்புறம் உன் கேமராவையே எடுத்துப் போய் அதில் மாட்டி, எஃப் 1.8-இல் ஒரு புத்தகத்தைச் சாய்வாக வைத்து நடுவரிக்கு ஃபோகஸ் செய். தெளிவு அந்த வரியில் இல்லாமல் முன்னாலோ பின்னாலோ போய் விழுந்தால் வேறு லென்ஸ் பார்.