வயதைக் காட்டிக் கூலியைக் குறைப்பவரிடம் என்ன பயிற்சி கிடைக்கும்?

கேள்வி: எனக்கு 38 வயது, படிப்பு பத்தாம் வகுப்பு. பதினைந்து ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தேன். முதலாளி தறிகளை விற்றுவிட்டார். இனி எலக்ட்ரீஷியன் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஏஜென்ட் ஒருவர் ஒரு காண்ட்ராக்டரிடம் அழைத்துப் போனார். அவரிடம் 12 பேர் வேலை செய்கிறார்கள், அதுபோக 5 அப்ரண்டிஸ்கள். “35 வயது தாண்டிவிட்டதால் உங்களுக்கு அரசாங்கப் பணம் வராது. ஆகவே மாதம் 4,000 ரூபாய்தான் தர முடியும். இந்த வயதில் பிடிபட நாளாகும், நான்கு ஆண்டுகள் இருக்க வேண்டும். முடிவில் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்” என்கிறார். ஏஜென்ட் 25,000 ரூபாய் முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியலும் கேட்கிறார். இது நியாயமா? (ஈரோடு மாவட்ட வாசகர்)

பதில்: நியாயமில்லை. முதலில் அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பிறகு மற்றதைப் பேசுவோம்.

நம் ஊரில் மின்வேலைக்குப் புதிதாக வருகிற எவரையும் ‘அப்ரண்டிஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதை அரசின் இணையதளத்தில் பதிவுசெய்து, பதிவு எண் வாங்கியவர் மட்டுமே அப்ரண்டிஸ். அந்த எண் இல்லாதவர் தொழிலாளி. தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ‘கற்றுக்கொள்கிற ஆள், ஏதோ கைச்செலவுக்குக் கொடுக்கிறேன்’ என்று மூன்றாவதாக ஒரு வகை கிடையாது. அந்த இல்லாத மூன்றாவது வகையில்தான் உங்களை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

உங்கள் வயதைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை என்பதால்தான் கேட்பவர் ஏமாந்துபோகிறார். தொழிற்பழகுநர் சட்டத்தில் குறைந்தபட்ச வயதுதான் சொல்லப்பட்டிருக்கிறது: 14, ஆபத்தான தொழில்களுக்கு 18. உச்சவரம்பு இல்லை. 35 என்ற எண் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று 2016 முதல் இருக்கிறது. அதன்படி, தொழிற்பழகுநருக்கு முதலாளி மாதாமாதம் தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சலுகைக்குத்தான் 14 முதல் 35 வரை என்று வயது வரம்பு.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2019இல் திருத்திய விதிகளின்படி, பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட பயிற்சிக்கு முதலாண்டு உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இருபத்தைந்து வயதுப் பையனைச் சேர்த்தால் அரசு 1,500 தரும். காண்ட்ராக்டர் கையிலிருந்து 4,500 போகும். உங்களைச் சேர்த்தால் முழு 6,000 ரூபாயையும் அவரே தர வேண்டும். சரி, அவருக்கு 1,500 ரூபாய் கூடுதல் செலவுதான். ஆனால் அவர் உங்களுக்குச் சொல்வது 4,000. பையனுக்காகத் தன் கையிலிருந்து போட வேண்டிய தொகையைவிடவும் 500 ரூபாய் குறைவு! அரசுப் பணம் வராததால் குறைக்கிறேன் என்றவர் அரசுப் பணத்தைக் கழித்தபின்னும் குறைத்திருக்கிறார். இதற்கு வயது காரணமே இல்லை.

இரண்டாம் ஆண்டில் அந்தக் குறைந்தபட்சத் தொகை 10 சதவீதம் ஏற வேண்டும், மூன்றாம் ஆண்டில் 15 சதவீதம். 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் குழு இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரை செய்தது. ஒப்பந்தம் போடும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் கேட்க வேண்டும். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். (சொல்ல வேண்டும். நான் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் இதே கேள்வியைக் கேட்கப் போய், “சார் மீட்டிங்கில் இருக்கிறார்” என்ற பதிலோடு மூன்று நாள் திரும்பி வந்திருக்கிறேன். நீங்கள் காலையிலேயே போய்விடுங்கள்.)

காலத்துக்கு வருவோம். தொழிற்பழகுநர் பயிற்சி, பிரிவைப் பொறுத்து 6 மாதம் முதல் 36 மாதம் வரை. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்து வருபவருக்கு வழக்கமாக ஓராண்டு. நான்கு ஆண்டு என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. வயதானவருக்குப் பிடிபட நாளாகும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. என் அனுபவத்தில் நடப்பது நேர்மாறு. தறிச்சத்தத்துக்கு நடுவே மோட்டார் ஓசை மாறியதைக் காதாலேயே கண்டுபிடித்த ஆளுக்கு ஃப்யூஸ் ஏன் போகிறது என்று சொல்லிக்கொடுப்பது சுலபம். பதினெட்டு வயதுப் பையன்தான் டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுப் பார்ப்பான்.

அந்த 5 அப்ரண்டிஸ் விஷயமும் இடிக்கிறது. ஒரு நிறுவனம் தன் ஆட்பலத்தில் 15 சதவீதம் வரைதான் தொழிற்பழகுநர்களை வைத்துக்கொள்ளலாம். 12 பேருக்கு 15 சதவீதம் என்றால் இரண்டு பேர்கூட முழுதாக வராது. அப்படியானால் அந்த ஐந்து பேரும் யார்? அவர்களிடம் போய், “உங்கள் ஒப்பந்த எண் என்ன?” என்று கேளுங்கள். விழித்தார்கள் என்றால் உங்களுக்கும் அந்தக் கதிதான்.

அவர்களில் ஒருவர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். காலையில் சுவர் வெட்டி பைப் புதைக்கிறார், மதியம் ஒயர் இழுக்கிறார், மாலையில் பெட்டிக்கு மூடி போடுகிறார். ‘இன்றைக்கு இத்தனை பாயிண்ட் (விளக்கு, ஃபேன், பிளக் என ஒவ்வொரு இணைப்பும் ஒரு பாயிண்ட்) முடித்தால் இவ்வளவு’ என்று கையில் வாங்கிக்கொண்டு போகிறார் என்றால் அங்கே பயிற்சி நடக்கவில்லை. தொழிற்பழகுநருக்கு வேலையளவுக் கணக்கில் பணம் தரக்கூடாது என்று சட்டத்தின் 13ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. பாயிண்ட் கணக்கில் வேலை வாங்குகிறவருக்கு உங்களை டிபி போர்டின் (மின்சாரத்தை வீட்டுக்குள் பிரித்து அனுப்பும் பெட்டி) முன் நிறுத்தி, எர்த் எங்கே வருகிறது, நியூட்ரல் எங்கே வருகிறது என்று விளக்க நேரம் ஏது? அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு பாயிண்ட் போய்விடும். ஓவர்டைமும் அப்படித்தான்; தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் வாங்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முறையாகப் பதிவான தொழிற்பழகுநருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் இல்லை. ஆனால் பயிற்சியில் காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று அவருடைய சட்டமே சொல்கிறது. பதிவில்லாமல் ‘அப்ரண்டிஸ்’ என்ற பெயரை மட்டும் ஒட்டிவிடும் முதலாளிகள் அந்த விலக்கை எடுத்துக்கொண்டு இழப்பீட்டை விட்டுவிடுகிறார்கள். ஏணியிலிருந்து விழுந்தால், “அவர் எங்கள் ஆளே இல்லை” என்பார்கள். உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

முறையான தொழிற்பழகுநர் ஒப்பந்தம் கிடைத்தாலும், மாதம் 6,000 ரூபாயில் 38 வயதுக் குடும்பஸ்தர் எப்படிக் காலம் தள்ளுவார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு பஸ் செலவுக்கு மட்டும் பணம் தேவைப்படும் பதினாறு வயதுப் பையனை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு அது. தறி, சாயப்பட்டறை, அச்சகம் என்று ஒரு தொழில் மூடி இன்னொரு தொழிலுக்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கென்று தனி விகிதம் வையுங்கள் என்று நாங்களும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்துவிட்டோம். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே உங்கள் நிலைமையில் நான் சொல்லும் வழி வேறு. அப்ரண்டிஸ் என்ற பெயரையே விட்டுவிடுங்கள். லைசென்ஸ் உள்ள ஒரு காண்ட்ராக்டரிடம் ஹெல்பராக, தினக்கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ, தொழிலாளியாகச் சேருங்கள். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாதீர்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதைத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்கலாம். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். கையில் கொடுத்தால் இரண்டு நாள் முன்னதாகக் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வங்கிப் பதிவு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உங்கள் எதிர்காலம் இதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று உண்டு. ஐடிஐ படிக்காதவரும் எழுதலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; வயது உச்சவரம்பு இல்லை. மின் ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். உங்களைப் போன்றவருக்காகவே திறந்து வைத்த கதவு இது. இந்தக் கதவின் வாசலில்தான் ஏஜென்ட்கள் கடை விரித்திருக்கிறார்கள். “ஐந்து ஆண்டு அனுபவச் சான்று ஒரே வாரத்தில்” என்பதுதான் அவர்களுடைய சரக்கு. காகிதத்தில் காண்ட்ராக்டர் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். ஐந்து ஆண்டும் நீங்கள் உண்மையாக வேலை பார்த்திருந்தால் வங்கிக் கணக்கில் அறுபது மாதச் சம்பளம் வரிசையாக நிற்கும். எவர் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். சான்றில் காண்ட்ராக்டரின் லைசென்ஸ் எண்ணும், நீங்கள் சேர்ந்த தேதியும், என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்பதும் இருக்கட்டும். ஐந்தாம் ஆண்டின் முடிவில் மொத்தமாகக் கேட்காமல், ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வாங்கிக்கொண்டே வாருங்கள். அதற்குள் காண்ட்ராக்டர் தொழிலை விட்டுவிட்டால் எங்கே போய்த் தேடுவீர்கள்?

விலைக்கு வாங்கிய சான்றோடு வந்த ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாடிப்படி விளக்கு, இரண்டு இருவழிச் சுவிட்சு, ஒரு ஹோல்டர். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தால் பல்பு எரிகிறது, அணைகிறது. முகத்தில் பெருமிதம். பல்பை அணைக்கச் சொல்லி ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. ஃபேஸ் (ஷாக் அடிக்கும் கம்பி) போக வேண்டிய சுவிட்சில் நியூட்ரலைக் (மின்சாரம் திரும்பும் கம்பி) கொடுத்திருக்கிறார்; சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கிறது. விளக்கு அணைந்துதானே இருக்கிறது என்று பல்பு மாற்றப் போகும் அந்த வீட்டு அம்மாவின் கை என்னவாகும்? அவருக்கு இன்னும் புரியவில்லை. “எரியுதே சார்” என்கிறார்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக: காண்ட்ராக்டர் எவரும் உங்களுக்கு லைசென்ஸ் ‘வாங்கித் தர’ முடியாது. தமிழ்நாட்டில் வயர்மேன், சூபர்வைசர் தகுதிச் சான்றுகளைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். விண்ணப்பம் உங்கள் பெயரில், கட்டணம் அரசுக்கு, தேர்வு நீங்கள் எழுத வேண்டியது. இதில் இடையில் நிற்பவருக்கு வேலை என்ன? முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சில நாளில் கொடுக்கும் திறன் சான்றிதழ்களையும் சிலர் லைசென்ஸ் என்று சொல்லி விற்கிறார்கள். அதுவும் லைசென்ஸ் அல்ல.

வீட்டில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும் என்றால் மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. பெண்களுக்கு உச்சவரம்பே கிடையாது. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பும், வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பும் போதும். இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்பு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. உங்களுக்கு 38 என்பதால் யோசிக்க அதிக நாள் இல்லை. மனைவிக்கோ வேறு எவருக்கோ நிலையான வருமானம் இருந்தால் அடுத்த சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன ஹெல்பர் வழிதான்.

அந்தக் காண்ட்ராக்டரிடம் கடைசியாக ஒருமுறை போவதில் தவறில்லை. ஏஜென்ட் இல்லாமல் தனியாகப் போங்கள். “இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவுசெய்து நடப்பில் உள்ள உதவித்தொகையைத் தருகிறீர்களா, இல்லை ஹெல்பராகச் சேர்த்துக் குறைந்தபட்ச ஊதியம் தருகிறீர்களா?” என்று கேளுங்கள். தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவுசெய்ய நீங்கள் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. ஆதார், வங்கிக் கணக்கு, கல்விச் சான்றின் நகல் போதும். அவர் வேறு பேச்சுக்குத் தாவினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்டிடம் மதிப்பெண் பட்டியலை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.