வீட்டில் டிவியே இல்லை, லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வாடகை ஃபிளாட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் டிவி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் 'இங்கே குடியிருப்பவருக்கு' என்று போட்டு, டிவி லைசென்ஸ் எடுக்கச் சொல்லி மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. கடைசிக் கடிதத்தில் விசாரணை, கோர்ட் என்றெல்லாம் இருந்தது. மியூனிக்கில் இருக்கும் என் கொழுந்தனார், "டிவி இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆகணும், நாங்க கட்டுறோமே" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "கிழிச்சுப் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். நானும் கணவரும் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் மட்டும்தான். ஆறு மாதத்துக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கும் மாமியார், வயது 77, டேப்லெட்டில் சீரியல் பார்ப்பார். நாங்கள் கட்ட வேண்டுமா?

பதில்: உங்கள் கொழுந்தனார் சொல்வது முழுக்கச் சரி, ஆனால் ஜெர்மனிக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பிரிட்டனுக்குப் பாதி சரி. உங்கள் கேள்வியில் நான் நின்று இரண்டாம் முறை படித்தது மாமியார் சீரியல் பார்க்கும் வரியைத்தான். விடை அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனில் இந்தக் கட்டணத்துக்குப் பெயர்தான் டிவி லைசென்ஸ். டிவி என்ற பெட்டியை வைத்திருப்பதற்கும் அதற்கும் இன்று சம்பந்தமே இல்லை. 65 இன்ச் டிவியைச் சுவரில் மாட்டி, அதில் நெட்ஃபிளிக்ஸ் படம் மட்டும் பார்ப்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. வீட்டில் டிவியே இல்லாமல், போனில் ஒரு சேனலை அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்ப்பவருக்குத் தேவை. 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2004இல் வந்த விதிகளும் கேட்பது, ஒளிபரப்பை அதே நேரத்தில் பார்க்கிறீர்களா, பதிவு செய்கிறீர்களா என்பதைத்தான். எந்தக் கருவியில் என்பது கணக்கில்லை. 2016 செப்டம்பரில் இன்னொன்றும் சேர்ந்தது: பிபிசியின் ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும், நேரலையோ பழைய நிகழ்ச்சியோ, லைசென்ஸ் வேண்டும். மற்ற சேனல்களின் கேட்சப்புக்கு, அதாவது ஐடிவிஎக்ஸிலோ சேனல் 4 ஆப்பிலோ முடிந்துபோன நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்கு, வேண்டாம். ரேடியோவுக்கும் வேண்டாம். ரேடியோவுக்கென்று தனியாக இருந்த லைசென்ஸை 1971 பிப்ரவரியிலேயே எடுத்துவிட்டார்கள். (ஊரில் போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸ் கட்டியது உங்கள் மாமியாருக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் அந்த ஏற்பாடு 1980களிலேயே முடிந்துவிட்டது.)

நம் வீடுகள் வழுக்குவது 'எந்தச் சேனல்' என்ற இடத்தில். இது பிபிசிக்குப் போகும் பணம், நாமோ பிபிசி பார்ப்பதே இல்லை, பார்ப்பதெல்லாம் சன் டிவியும் விஜய் டிவியும்தானே என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும், இணையம் வழியே வந்தாலும், பிரிட்டனில் உட்கார்ந்து நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். ஐபிஎல் ஆட்டத்தை ஆப்பில் லைவ்வாகப் பார்ப்பதும் இதில் அடக்கம். "மாசாமாசம் தமிழ் சேனல் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டுகிறோமே" என்பார்கள். அந்தச் சந்தா பெட்டி கொடுத்தவருக்குப் போகிறது. லைசென்ஸ் வேறு.

யூடியூபிலும் கவனம் வேண்டும். சமையல் வீடியோ, பழைய காமெடி, முடிந்துபோன பேட்டி எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் தமிழ்ச் செய்தி சேனல்கள் 24 மணி நேரமும் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. தேர்தல் முடிவு நாளில் காலையிலிருந்து அதைப் போட்டு வைக்காத தமிழ் வீடு உண்டா? அது டிவி சேனலை நேரலையில் பார்ப்பதுதான். ஊரில் நடக்கும் உறவினர் கல்யாணத்தை யூடியூப் லைவில் பார்ப்பது அந்தக் கணக்கில் வராது, அது டிவி ஒளிபரப்பு இல்லை.

சரி, மாமியாரிடம் வருவோம். அவர் சீரியலை எப்போது பார்க்கிறார் என்று கவனியுங்கள். சென்னையில் இரவு 9 மணி என்றால் லண்டனில் கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் 3:30. சரியாக அந்த நேரத்துக்குக் காபியோடு டேப்லெட் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார் என்றால், அநேகமாகச் சேனலின் நேரலையைத்தான் திறக்கிறார். அப்படியானால் உங்கள் வீட்டுக்கு லைசென்ஸ் தேவை. அன்று இரவோ மறுநாளோ அதே எபிசோடை ஆப்பில் தேடி எடுத்துப் பார்க்கிறார் என்றால் தேவையில்லை. அதே சீரியல், அதே டேப்லெட், நாலு மணி நேர இடைவெளியில் சட்டம் மாறிவிடுகிறது. வேடிக்கைதான், ஆனால் கோடு அங்கேதான் கிழித்திருக்கிறார்கள்.

ஆக உங்களுக்கு இரண்டு வழி. அவர் எபிசோடுகளைப் பிறகு பார்க்கச் சம்மதித்தால், ஆப்பில் லைவ் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால், கட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்து பல வீடுகளில் இது ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஊரில் தங்கை இன்றைய எபிசோடைப் பார்த்துவிட்டு அன்றே வாட்ஸ்அப்பில் அழைத்துக் கதை சொல்லும்போது, நாளைக்குப் பார் என்று ஒரு பெரியவரிடம் சொல்வது கஷ்டம். அப்படியென்றால் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்ட் என்று ஆனது. விலைவாசியை ஒட்டி ஏப்ரல்தோறும் மாறுகிறது, அதனால் கட்டும் நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டைரக்ட் டெபிட்டில் தவணையாகவும் கட்டலாம், ஆனால் முதல் ஆண்டுப் பணத்தை ஆறே மாதத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதால் தவணை கொஞ்சம் கனமாகத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், எத்தனை பேர், எத்தனை கருவி என்பது பொருட்டில்லை.

77 வயதாயிற்றே, இலவசம் இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். 75 தாண்டிய எல்லோருக்கும் இலவசம் என்பது 2020 ஜூலையோடு முடிந்தது. ஆகஸ்ட் 1 முதல், 75 தாண்டியவர்களிலும் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான். வருகை விசாவில் வந்திருப்பவருக்குப் பென்ஷன் கிரெடிட் கிடையாது, எனவே அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது. இங்கேயே நிரந்தரமாக இருக்கும் மாமனார், மாமியாருடன் வசிக்கும் வாசகர்கள் இதைக் கவனியுங்கள்: அவர்கள் பென்ஷன் கிரெடிட் பெறுகிறார்களா, பெறத் தகுதி உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் லைசென்ஸை அவர்கள் பெயரில் எடுத்தால் மொத்த வீட்டுக்கும் இலவசம். பார்வை கடுமையாகக் குறைந்தவர் என்று சான்று பெற்றவர் வீட்டில் இருந்து, அவர் பெயரில் எடுத்தால் பாதிக் கட்டணம். கறுப்பு வெள்ளை டிவிக்குத் தனிக் குறைந்த கட்டணம் இன்னமும் புத்தகத்தில் இருக்கிறது. டேப்லெட்டைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்தால் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். ஆகாது.

இப்போது அந்தக் கடிதங்கள். லைசென்ஸ் இல்லாத முகவரிகளுக்கெல்லாம் தானாகவே போகின்றவை அவை. பெயர் இல்லாமல் வருவதே அதற்கு அடையாளம். பதில் போகாதவரை கடிதத்துக்குக் கடிதம் சுருதி ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு உண்மையிலேயே லைசென்ஸ் தேவையில்லை என்றால் பதில் போடாதது குற்றம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாதி சரி என்றது இதனால்தான். ஆனாலும் கிழித்துப் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டிவி லைசென்ஸிங் இணையதளத்துக்குப் போய் 'எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று பதிவு செய்யலாம், ஐந்து நிமிட வேலை. சுமார் இரண்டு ஆண்டுக்குக் கடிதத் தொல்லை விடும், பிறகு மறுபடி கேட்பார்கள். சரிபார்க்க ஆள் வரவும் கூடும். ஒரே நிபந்தனை, நீங்கள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். மாமியார் மாலை 4:30க்கு நேரலை பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைப் பதிவு செய்யாதீர்கள்.

வருகிற ஆள் போலீஸ் இல்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் அலுவலர். கோர்ட் வாரண்ட் இல்லாமல் உங்கள் அனுமதியின்றி உள்ளே வர அவருக்கு உரிமை கிடையாது. கதவில் நின்றபடியே மரியாதையாகப் பேசி அனுப்பலாம், பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த வழக்குகளில் தண்டனை பெறுகிறவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பகலில் கதவைத் திறப்பது யார் என்று யோசித்தால் ஒரு காரணம் புரியும். கதவருகே கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலும் அதன் கீழே போட்ட கையெழுத்துமே பெரும்பாலும் சாட்சியமாகிறது. ஆங்கிலம் சரளமாக வராத மாமியார் தனியாக இருக்கும் நேரத்தில் யாராவது காகிதத்தை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றே சொல்லி வையுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்ப்பது குற்றவியல் வழக்கு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகும். அதிகபட்சம் 1000 பவுண்ட் அபராதம், மேலே வழக்குச் செலவு. உங்கள் பெயர் போட்டு, கோர்ட் வழக்கு என்று வரும் தபால் வேறு ரகம். இந்த வழக்குகள் தபாலிலேயே நடந்து, நீங்கள் பதில் போடாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். பெயரில்லாத கடிதத்தை ஒதுக்கிய அதே பழக்கத்தில் அதையும் ஒதுக்கிவிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விசா, குடியுரிமை விண்ணப்பம் பின்னால் இருக்கும் குடும்பம் அதில் விளையாடக் கூடாது.

ஜெர்மனிக்கு வருகிறேன், உங்கள் கொழுந்தனாரையும் சமாதானப்படுத்த வேண்டுமே. அங்கேயும் முன்பு கருவிக் கணக்குதான். ரேடியோ இருக்கிறதா, டிவி இருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு ஆள் வந்து கேட்டார்கள், இல்லை என்று சொன்னார்கள். 2013 ஜனவரி 1 முதல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு கட்டணம் என்று மாற்றினார்கள். பார்க்கும் வசதி எல்லோருக்கும் இருக்கிறது, எனவே எல்லோரும் கட்டலாம் என்பது வாதம். 2018 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றமும் சாராம்சத்தில் அதை ஏற்றது, இரண்டாவது வீட்டுக்கும் சேர்த்து வாங்குவதை மட்டும் தடுத்தது. 2021இலிருந்து மாதம் 18.36 யூரோ. நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்ததும் கடிதம் தேடி வரும், அங்கே கிழித்துப் போட்டால் ஜப்தி வரைக்கும் போகும். ஒரு ஃபிளாட்டில் நான்கு மாணவர்கள் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும் என்பது அங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை.

சுவிட்சர்லாந்திலும் இப்போது இதே கதைதான். கருவியே இல்லை என்று எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கும் வழி 2023 டிசம்பரோடு மூடப்பட்டது. 2021இலிருந்து ஆண்டுக்கு 335 ஃபிராங்க் என்றிருக்கும் பில்லை, டிவி இல்லாத வீடும் கட்டுகிறது. பிரான்ஸில் 2022இல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். நார்வேயில் 2020 முதல் வரியோடு சேர்த்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் ஐந்து நாட்டில் இருந்தால் ஐந்து விதமாகச் சொல்வார்கள், யாரும் பொய் சொல்லவில்லை.

வாடகை அறைகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் ஒரே வீட்டை நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் தன் அறையில் நேரலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், ஹாலில் இருக்கிற டிவிக்கு வீட்டுக்காரர் எடுத்திருந்தாலும்.

லைசென்ஸ் பாக்கி, உடனே இந்த லிங்கில் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் தொடாதீர்கள். இந்தப் பெயரில் மோசடி ஏராளம். இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

எடுப்பதென்று முடிவு செய்தால் இன்னொன்று. மாமியார் ஊருக்குத் திரும்பிய பிறகு நீங்கள் இருவரும் பழையபடி நெட்ஃபிளிக்ஸ் மட்டும்தான் என்றால், லைசென்ஸை ரத்து செய்து, மீதியிருக்கும் முழு மாதங்களுக்கு ரீஃபண்ட் கேட்கலாம். தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். டைரக்ட் டெபிட்டை மட்டும் வங்கியில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், பாக்கி என்று கடிதம் மறுபடி ஆரம்பித்துவிடும், இந்த முறை உங்கள் பெயர் போட்டு. விமானத்துக்கு ஏற்றிவிட்டு வந்த அதே வாரத்தில் இணையதளத்தில் ரத்து, ரீஃபண்ட், 'தேவையில்லை' பதிவு மூன்றையும் முடித்துவிடுங்கள்.