தூங்க வைத்த கணினியை எழுப்புவது யார்?

கேள்வி: வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டிய மாடி வீடு எங்களுடையது. மேசைக் கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்தால், இரவில் தானாகவே எழும்பித் திரை வெளிச்சம் அடிக்கிறது. வைரஸாக இருக்குமா?

பதில்: வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஸ்லீப்பில் கணினி முழுதாக அணைவதில்லை. நினைவகத்துக்கும், மவுஸ், விசைப்பலகை, நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அவற்றில் எது தட்டினாலும் கணினி எழும்பும்.

உங்கள் வீட்டில் எனக்கு முதல் சந்தேகம் மவுஸ்மேல்தான். ரயில் போகும்போது மேசை லேசாக அதிர்ந்தாலே ஆப்டிகல் மவுஸ் தான் நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். அதை இரவில் மல்லாத்தி வைத்துப் பாருங்கள். ஆனாலும் ஊகத்தோடு நிற்காமல் விண்டோஸிடமே கேட்டுவிடலாம். கணினியில் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, 'பவர் ட்ரபிள்ஷூட்டர்' என்ற பெயரில் உள்ள வரிகளைப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழும்பியது, எது எழுப்பியது என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். சில நேரம் வெறுமனே யூஎஸ்பி கன்ட்ரோலர் (யூஎஸ்பி துளைகளைக் கவனிக்கும் பாகம்) என்று மட்டும் சொல்லும். அப்போது யூஎஸ்பியில் செருகியவற்றை ஒரு இரவுக்கு ஒன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

மவுஸ்தான் என்றால், கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயரை இரட்டைச் சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'கணினியை எழுப்ப அனுமதி' என்ற பொருளில் உள்ள கட்டத்தின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். விசைப்பலகையை அப்படியே விடுங்கள். காலையில் எழுப்ப அது வேண்டும்.

நெட்வொர்க் கார்டு என்றால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். வெளியிலிருந்து இந்தக் கணினியை யாரும் எழுப்பத் தேவையில்லை என்றால் அனுமதியை முழுதாக எடுக்கலாம். தேவைப்பட்டால், அதே இடத்தில் 'மேஜிக் பாக்கெட்' (கணினியை எழுப்பவென்றே வலையமைப்பில் அனுப்பும் தனிச் செய்தி) வந்தால் மட்டும் எழுப்பும் தெரிவைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் வலையமைப்பில் ஓடும் வேறு தகவல்களும் கணினியைத் தட்டி எழுப்பக்கூடும்.

சரி, எந்தக் கருவியின் பெயரும் வராமல் டைமர் என்று வந்தால்? விண்டோஸ் அப்டேட், பராமரிப்பு வேலைகள் நேரம் குறித்து வைத்து எழுப்புவதுண்டு. பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்புகளில், ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் 'வேக் டைமர்ஸ்' இருக்கும், அதை முடக்குங்கள்.

இதெல்லாம் ஸ்லீப்புக்கு மட்டும். ஷட்டவுன் செய்த பிறகும் கணினி தானாக எழும்பினால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) வேக் ஆன் லேன் எனும் வலையமைப்பு வழி எழுப்பும் வசதி, நேர அலாரம் இரண்டையும் பாருங்கள்.