எனக்குப் பெருசு

அன்புள்ள அண்ணா,
மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எம்பொண்ணு எட்டாம் கிளாஸ். டீ 'டூ ஹாட்'டா இருந்துச்சு, நான் குடிச்சேன்னு இங்கிலீஷ்ல எழுதினதுக்கு டீச்சர் 'வெரி'ன்னு திருத்திட்டாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? தமிழ்ல ரெண்டும் 'ரொம்ப'தானே. டூவுக்கு ஒரு சொல்லே இல்லாத நம்ம மொழி கொஞ்சம் ஏழைதானோ?

தம்பி,
டீச்சர் திருத்தினது சரி. வெரின்னா நல்ல சூடு, ஊதிக் குடிச்சிரலாம். டூன்னா குடிக்க முடியாத சூடு. பிள்ளைதான் குடிச்சாச்சுல்லா. 'டூ குட்'னு நம்மாளுங்க பாராட்டுறதை விடுங்க, அது வேற கதை.

ஆனா ஏழைன்னு கடைசில எழுதினீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிலே. மீன்கறியை உள்ளங்கைல விட்டு நக்கிப் பாத்துட்டு வீட்டுல என்ன சொல்லுவாங்க, உப்பு ரெம்பன்னா? 'உப்பு கூடிப்போச்சு'ம்பாங்க. அந்தப் 'போச்சு'தான் டூ. சோறு குழைஞ்சுபோச்சு, வெண்டைக்காய் முத்திப்போச்சு. நாள்பூரா வாயில வச்சுக்கிட்டு இல்லைங்கிறீங்களே, வெக்கமா இல்ல? நம்ம கன்னியாகுமரி கடல்ல 133 அடிக்கு நிக்காரே, மயிலிறகு ஏத்தின வண்டிக்கும் அச்சு முறியும்னு சொல்லும்போ அவரு 'மிகுத்து'ன்னு மட்டும் விடல, 'சால மிகுத்துப் பெயின்'னாரு, அளவுக்கு மீறி ஏத்தினான்னு அர்த்தம்.

இன்னும் கேளுங்க. இங்கிலீஷ்ல இந்த டூவும், நம்ம 'க்கு' மாதிரி வர்ற ஒத்தை ஓ டூவும் ஆதியில ஒரே சொல்லு, 16ஆம் நூற்றாண்டு வாக்குலதான் ஒரு ஓ கூடச் சேத்துப் பிரிச்சாங்க. நமக்கு அந்த 'க்கு' மட்டுமே போதும். 'சட்டை பெருசு'ன்னா வெறும் அளவு. 'எனக்குப் பெருசு'ன்னா டூ பிக், முடிஞ்சுது.

நான் ஆறாங்கிளாஸ் சேரும்போ தக்கலைல ஒரு தையக்காரர் அளவெடுத்தாரு. 'வளருத பிள்ளை, பாத்துப் போடுங்க'ன்னு அம்மா சொன்னதும், சாக்கட்டியால போட்ட கோட்டை விரலால தேச்சு அழிச்சுட்டு ரெண்டு விரக்கடை தள்ளி வேற கோடு போட்டாரு, எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. அரைக்கை சட்டை முழங்கை தாண்டித் தொங்குது. எனக்குப் பெருசுன்னு அழுதேன். 'அடுத்த வருசத்துக்குச் செரி'ன்னா அம்மா. அடுத்த வருசம் செரியாத்தான் இருந்துச்சு, காலர் பிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் தம்பிக்குப் போச்சு. அவனுக்குப் பெருசு.