அரைக்கட்டை இறக்கிப் பாடியவர்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் 1991 மாரியம்மன் திருவிழாவில் எடுத்த கச்சேரிப் பதிவைப் பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அதை நம்பி பென்டிரைவ் வாங்கிக் கேட்டேன். குரல் நடுங்குகிறது. மூச்சு வாங்குகிறது. ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தையே மறந்துவிடுகிறார். ஒரு காலத்தில் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த பாடகரை இந்தக் கோலத்தில் ஊருக்குப் போட்டுக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையா? நீங்கள் எழுதியது ரசனையா, இரக்கமா? அந்தப் பதிவை நிறுத்தச் சொல்வதுதானே பத்திரிகையின் வேலை?
வாசகர், பாலக்கோடு

பதில்: இரக்கப்பட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை இன்னும் இரண்டு தடவை கேட்டேன். எழுதியதில் எதையும் திரும்பப் பெறுவதாக இல்லை. அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரியை வெட்டிவிட்டேன். அதனால் அவர் பெயரையும் இங்கே போடவில்லை. மற்றபடி உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அவர் பாட்டை நேசித்தவருக்குத்தான் அந்தக் கோபம் வரும்.

முதலில் நடுக்கம். நீங்கள் கேட்ட நடுக்கம் முழுவதும் அவர் தொண்டையில் இருந்து வந்தது அல்ல. சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டுப் பரணில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்த கேசட் அது. நாடா இழுபட்டு, உருளையில் ஒட்டி ஒட்டி ஓடியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் முதல் பாட்டில் இடையிசை முடியும் இடத்தைக் கேளுங்கள். கீபோர்டு ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிறது; அந்தச் சுரமும் அலைகிறது. கீபோர்டுக்கு வயதாகவில்லை, மூச்சு வாங்கவில்லை. அங்கே ஆடுவது நாடா. அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாடகர் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்தது, இது மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்ட கச்சேரி அல்ல. மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேரே கேசட் டெக்கில் சொருகி எடுத்தது. இப்படி எடுத்தால் மைக்கில் போனது மட்டும்தான் நாடாவில் விழும். மேடையில் சத்தமாக ஒலித்த டிரம்முக்கு மிக்சரில் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். அதனால் பதிவில் அது எங்கோ தூரத்தில் கேட்கும். குரல் மட்டும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். திறந்தவெளியின் எதிரொலி இல்லை, கூட்டத்தின் இரைச்சல் இல்லை, குரலைத் தாங்க ஒன்றுமே இல்லை. அன்று நான் அந்த மைதானத்தில் இருந்தேன், தேர்நிலைக்குப் பக்கத்தில். மூச்சு வாங்கியது எனக்குக் கேட்கவில்லை. சரணம் மறந்துபோனதும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் கூட்டம் பாடியது. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் எழுந்தது அந்த வரி. நீங்கள் ஹெட்போனில் கேட்ட அந்த வெறுமையான நாலு விநாடியில் ஆயிரக்கணக்கான பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். நாடாவில் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

சரி, நாடாவையும் மிக்சரையும் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். வயதானால் குரல்நாண் மெலிந்து தளரும், ஈரம் குறையும். விலாக் குருத்தெலும்பு இறுகுவதால் மார்பு முன்போல விரியாது; ஒரே மூச்சில் இழுத்த சங்கதியை இரண்டு மூச்சாக உடைக்க வேண்டி வரும். எந்தச் சாதகமும் இதை முழுதாகத் தடுக்காது. இளமையில் ஊரையே கட்டிப்போட்ட மேல் ஸ்தாயிதான் முதலில் கைவிட்டுப் போகிறது. பாடகருக்கு அது தெரியும், நமக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்த பிறகு மேடையில் என்ன செய்கிறார் என்பதுதான் நான் கேட்பது.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஒரு குரல் வரும், சன்னமாக, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு: "அரைக்கட்டை இறக்கிக்கங்க தம்பி." சுருதியை அரைப்படி குறைக்கச் சொல்கிறார். அதன் பிறகு சின்னச் சின்னதாக டொக் டொக் என்று சத்தம். தபேலாக்காரர் சுத்தியால் தட்டிச் சுருதி இறக்குகிறார். கீபோர்டுக்கு ஒரு பட்டன் போதும். தபேலாவைத் தட்டித்தான் ஆக வேண்டும், புல்லாங்குழல்காரர் வேறு குழலை எடுத்தாக வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு மேல் கச்சேரி நிற்கிறது. திருவிழாக் கூட்டத்தின் முன்னால், தன் பாட்டைத் தன்னாலேயே பழைய சுருதியில் பாட முடியாது என்று ஒப்புக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பது எவ்வளவு பெரிய காரியம்! இசைத்தட்டில் உள்ள சுருதியிலேயே பாடி, எட்டாத இடத்தைக் கத்திக் கடந்துவிட்டுக் கைதட்டு வாங்கிய பாடகர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் இறக்கினார், இறக்கிய பிறகு அந்தப் பாட்டைச் சுத்தமாகப் பாடினார். நான் மேடைக்காரர்களிடம் எதிர்பார்க்கும் நேர்மை அது.

இரண்டாவது கேசட்டின் பின்பக்கம் இருக்கும் விருத்தத்தைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் அரைமணி நேரத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கந்தரலங்காரத்திலிருந்து நம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. நாள் என்ன செய்யும், வினை என்ன செய்யும், தேடி வந்த கோள் என்ன செய்யும், கொடுங்கூற்று என்ன செய்யும் என்று போகும். சண்முகப்ரியாவில் தாளம் இல்லாமல், கீழ் ஸ்தாயியில், அவசரமே இல்லாமல் பாடுகிறார். நாள், வினை, கோள் மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் கொண்டுபோகிறார். கூற்று என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு தீர்ந்துவிடுகிறது. நிறுத்துகிறார். உள்ளே இழுக்கும் காற்று மைக்கில் கேட்கிறது. அதன் பிறகுதான் எமன் பெயரை எடுக்கிறார். நாற்பது வயதில் பாடியிருந்தால் அந்த இடத்தை ஒரு பிருகாவில், வேகமான ஒரு சுரச் சுழிப்பில், தாண்டிப் போயிருப்பார். அந்த நிறுத்தத்தை அவர் திட்டமிட்டாரா, மூச்சு இல்லாமல் தானாக விழுந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அது விழுந்த இடம் சரியான இடம். அடுத்த அடியில் அதே போலவே இன்னொரு முறை நிறுத்துகிறார், இந்தத் தடவை மூச்சு மிச்சம் இருக்கும்போதே. கிடைத்த ஊனத்தை அங்கேயே கையில் எடுத்து இசையாக மாற்றிக்கொண்ட மனிதர் அவர். இதைக் கேட்டுவிட்டு இரக்கப்பட என்ன இருக்கிறது?

நம் மாவட்டத்துக்காரர் நீங்கள், உங்களுக்கு இது புதிதாகவும் இருக்கக் கூடாது. பாலக்கோடு, பென்னாகரம், மாரண்டஅள்ளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கிற ஊர்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. வேஷம் கட்டுகிற வாத்தியாருக்கு அறுபது தாண்டியிருக்கும். கடைசி நாள் காலை, துரியோதனன் வீழும் காட்சியான படுகளத்துக்கு அவர் வரும்போது குரல் கரகரத்துக் கம்மிப் போயிருக்கும். பாதி வரியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்வார், ஆர்மோனியம் தாங்கிக்கொள்ளும். மண்ணில் செய்த துரியோதனன் கிடக்கிறான், வெயில் ஏறுகிறது, அந்தக் கம்மிய குரலைக் கேட்கத்தான் ஊர் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறது. 'வாத்தியாருக்குக் குரல் போய்விட்டது, நிறுத்தச் சொல்லுங்கள்' என்று அங்கே யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கூத்தில் நமக்கு இருக்கிற காது, சினிமாப் பாட்டு என்று வந்ததும் எங்கே போகிறது? இசைத்தட்டு ஒரே மாதிரி ஆயிரம் தடவை பாடும். அதைக் கேட்டுப் பழகிவிட்டு மனிதனையும் அப்படியே பாடச் சொல்கிறோம்.

மறைத்து வைப்பதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஜூன் மாதம் ஒமாஹா, ராப்பிட் சிட்டி என்ற இரண்டு ஊர்களில் பாடியதைத் தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தார்கள். வயது 42தான். உடம்பு ஊதி, வியர்த்துக் கொட்டி, வரி தடுமாறுகிறது. ஆகஸ்ட் 16-ல் இறந்துவிட்டார். நிகழ்ச்சி அக்டோபரில் ஒளிபரப்பாகி, இசைத்தட்டும் வந்தது. நிகழ்ச்சியை மட்டும் அவர் தரப்பு வீடியோவாக இன்றுவரை முறைப்படி வெளியிடவில்லை. ஆனால் ராப்பிட் சிட்டியில் அவர் பியானோ முன் உட்கார்ந்து பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. கூட வாசிப்பவர் மைக்கை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் எழும்பும் என்று அதைப் பார்க்காதவர் நம்ப மாட்டார். முழுவதையும் மறைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

நம் பக்கம் வாருங்கள். 1952-ல் திடீரென்று குரலே நின்றுபோன கர்நாடக சங்கீதப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், மறுபடி பாட வந்து, 1974-ல் கச்சேரி செய்த அன்றே கண்ணை மூடினார். டி.எம்.சௌந்தரராஜன் தொண்ணூறை நெருங்கிய வயதில், 2010 செம்மொழி மாநாட்டுப் பாடலின் தொடக்கத்தைப் பாடினார். அந்தத் தொடக்கத்தை ஓர் இளங்குரல் பாடியிருந்தால் அந்த எடை வந்திருக்காது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதான காலத்தில் நம் பாடகர் ஏன் ஊர் ஊராகப் பாடப் போனார் என்று கேட்கத் தோன்றும். திரையில் பாடியவர்களுக்கு ரெக்கார்டிங் அன்று வாங்கிய சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும். பாட்டு ஓட ஓடப் பங்கு கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் அவர்களுக்குத் தெளிவாகக் கொடுத்தது 2012 திருத்தத்தில். அதுவரை திருவிழா மேடைதான் சோறு. நம் வீட்டுக் கல்யாணங்களில் அவர் பாட்டைக் காலமெல்லாம் இலவசமாகப் போட்டுவிட்டு, கடைசியில் அவர் மேடை ஏறினதைக் குறையாகப் பேசும் தகுதி நமக்குக் கிடையாது.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பென்டிரைவ் உறையில் 'அதே தங்கக் குரல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது பொய். அதை நம்பி வாங்கியதால்தான் உங்களுக்கு இத்தனை ஏமாற்றம். பதிவை நிறுத்தச் சொல்லி நான் எழுத மாட்டேன். உறையை மாற்றச் சொல்லி சவுண்ட் சர்வீஸ்காரரின் மகனிடம் நேரில் போய்ப் பேசினேன். பாடகர் குடும்பத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். இனி வருவதில் ஊர், ஆண்டு, பாடகரின் அன்றைய வயது, மிக்சரிலிருந்து எடுத்தது என்ற நாலு தகவல் மட்டும் இருக்கும். உங்களிடம் இருப்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அந்த மகன் சொல்லியிருக்கிறார். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த விருத்தத்தை மட்டும் கேட்டுவிடுங்கள். நான்காவது கோப்பு, பதினொன்றாவது நிமிஷம்.