குடும்ப வீடியோ கேம் குழந்தைகளுக்கு மட்டும்தானா, பெரியவர்களுக்கும் பிடிக்குமா?

பெரியவர்களுக்கும் பிடிக்கும். குடும்ப கேம் என்றால் ஆறு வயதுக் குழந்தையும் அம்மாவும் தாத்தாவும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து சேர்ந்து ஆடக்கூடியது, அவ்வளவுதான்.

இவற்றில் நல்லவை தொடங்க எளிது, தேர்ச்சி பெறக் கடினம். 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தய கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்மார்ட் ஸ்டியரிங் என்ற வசதியைப் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டு விழாது. குழந்தைக்கு அது போதும். பெரியவர் அதை அணைத்துவிட்டு, வளைவில் சறுக்கித் திரும்பி வேகம் கூட்டப் பழகலாம். அது லேசில் கைவராது. அப்புறம், பந்தயத்தின் நடுவே எடுத்துப் பயன்படுத்தும் பொருள்களில் பின்தங்கியவருக்கு வலுவானவை கிடைக்கும். முதலில் போகிறவருக்குப் பெரும்பாலும் வாழைப்பழத் தோலும் நாணயமும்தான். ஓட்டப் பந்தயத்தில் சின்னவனைப் பத்தடி முன்னால் நிறுத்துவோமே, அதே ஏற்பாடு. ஆனால் இங்கே விதியே விட்டுக்கொடுக்கிறது, நீங்கள் வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. (அப்படித் தோற்றால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

அதே ஆண்டில் வந்த சூப்பர் மரியோ ஒடிஸியில் ஒருவர் கதாநாயகன் மரியோவையும் இன்னொருவர் அவன் தொப்பியையும் இயக்கலாம். என்னைக் கேட்டால் பெரியவர் தொப்பியாக இருப்பதே நல்லது.

எல்லா கேமும் இப்படி இல்லை. எழுத்து பழக்கும் கேம்கள் பெரியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

பெட்டியின் மேல் 3 அல்லது 7 என்று இருந்தால் "சின்னப் பிள்ளை கேம்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் ஐரோப்பாவின் பெகி (PEGI) முறையில் அந்த எண் உள்ளடக்கம் எந்த வயதுக்குப் பொருந்தும் என்பதைத்தான் சொல்கிறது, ஆடுவது எவ்வளவு கடினம் என்பதை அல்ல.