கூட்டத்துக்கு யாரால் வர முடியவில்லை?

பல்கலைக்கழகங்களில் இயங்கும் ஊழியர் ஆதரவுக் குழுக்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவர்கள் என ஒரே மாதிரி நிலைமையில் இருக்கும் ஊழியர்கள் தாங்களாகச் சேர்ந்து, நிர்வாகத்தின் ஒப்புதலோடு நடத்தும் குழுக்கள் இவை. பல்கலைக்கழகப் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். இதே நிலைமையில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கலாம் என்று நினைக்கிறோம். பணியாளர் பிரிவில் கேட்டால் "திட்டம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது மேடம்?

பதில்: எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் நாலைந்து பேரும் உட்கார்ந்து, இந்தப் பேச்சில் யார் இல்லை என்று யோசியுங்கள். நீங்கள் எல்லோருமே பக்கத்துப் பக்கத்தில், ஒரே நேரத்தில் வேலை பார்ப்பவர்களாகத்தான் இருப்பீர்கள். இரவுக் காவலர், விடுதிச் சமையலறை ஊழியர், ஆய்வக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், ஆராய்ச்சித் திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும் ப்ராஜெக்ட் ஊழியர், இவர்கள் வீட்டிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். பலர் ஒப்பந்த நிறுவனம் மூலம் வந்தவர்கள். "பல்கலைக்கழக ஊழியர்கள் மட்டும்" என்று எழுதினால் அந்த ஒரு வரியிலேயே அவர்கள் வெளியே போய்விடுவார்கள். "வளாகத்தில் வேலை பார்க்கும் எவரும்" என்று எழுதுங்கள். பாதி ஊழியராகவும் பாதி மாணவராகவும் இருக்கும் ஆராய்ச்சி மாணவர்களும் அதில் அடங்கிவிடுவார்கள்.

இவர்களில் பலருக்கு அலுவலக மின்னஞ்சலே கிடையாது. ஆகவே மின்னஞ்சலில் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு "யாரும் ஆர்வம் காட்டவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருகைப் பதிவேடு வைத்திருக்கும் இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் நேரில் போய்ச் சொல்லட்டும்.

அப்புறம் எழுதலாம். ஒரு பக்கம் போதும். குழு எதற்காக, யார் சேரலாம், யார் ஒருங்கிணைப்பாளர், அவருடைய பதவிக்காலம் எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும், குழுவில் பேசியது வெளியே போகாமல் இருக்க என்ன ஏற்பாடு, இவ்வளவுதான். நோக்கத்தைப் பெரிதாக எழுத வேண்டாம். "ஊழியர் நலனை மேம்படுத்துதல்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு வேலைக்கு வருபவர்களுக்குத் தேர்வுப் பணி மாற்றிக்கொள்ளும் வழி, அவசர விடுப்பு விதிகளைப் புரிய வைப்பது" என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

அந்த ஒரு பக்கத்தில் எதை விட்டாலும் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்: குழுக் கூட்டத்தில் செலவாகும் நேரம், மாதம் இத்தனை மணி வரை, பணி நேரமாகவே கணக்கிடப்படும். பேராசிரியர் ஒருவர் வகுப்பு இல்லாத மணியில் எழுந்து வந்துவிடலாம், அவரை யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகம் வழங்கும் மேசையில் இருக்கும் நீங்கள் எழுந்து போக, இன்னொருவர் வந்து உட்கார வேண்டும். மேற்பார்வையாளர் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலை அவரவர் பெருந்தன்மைக்கு விட்டுவிட்டால் குழு ஆசிரியர்களின் குழுவாக மாறிவிடும். நான் பார்த்த குழுக்களில் சத்தமில்லாமல் நின்றுபோனவை பெரும்பாலும் இந்த வரி இல்லாதவைதான். பதிவாளர் கையெழுத்தோடு இது துறைத் தலைவர்களுக்குச் சுற்றறிக்கையாகப் போக வேண்டும். வாய்ச்சொல் போதாது.

தொடங்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பருவத் தேர்வுக்கு முன்பும், சேர்க்கை நடக்கும் வாரங்களிலும் வேண்டாம். பருவம் தொடங்கி மூன்றாவது நான்காவது வாரம் நல்ல நேரம்.

கேள்வி: எங்கள் துறையில் ஒரு மூத்தவர், "இதெல்லாம் கம்பெனிகளில் எச்.ஆர். கொண்டுவந்த நாகரிகம், பல்கலைக்கழகத்துக்கு எதற்கு" என்கிறார். உண்மையா?

பதில்: கம்பெனியில் தொடங்கியது உண்மை. எச்.ஆர். கொண்டுவந்தது என்பது சரியல்ல. அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரில் 1964 ஜூலையில் இனக் கலவரம் நடந்தது. அங்கேதான் செராக்ஸ் நிறுவனம் வளர்ந்தது. கலவரத்துக்குப் பிறகு அதன் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பின மக்களை அதிக அளவில் வேலைக்கு எடுக்க முன்வந்தார். உள்ளே வந்தவர்களுக்குப் பாகுபாடு காத்திருந்தது. விற்பனையாளர்களுக்கு நல்ல வருமானம் தரும் பகுதிகள் கிடைக்கவில்லை. அவர்கள் தாங்களாகவே கூடிப் பேசத் தொடங்கினார்கள். 1970-இல் அது தேசிய அளவிலான கறுப்பின ஊழியர் குழுவாக உருவெடுத்தது. இன்றைய ஆதரவுக் குழுக்களின் தொடக்கமாகப் பலரும் சொல்வது இதைத்தான்.

வேலை கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளே சமமாக நடத்தப்படவில்லை என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. பல்கலைக்கழகத்தில் அது இல்லை என்று உங்கள் மூத்தவரால் சொல்ல முடியுமா?

கேள்வி: நான் உதவிப் பேராசிரியர். முதல் தலைமுறைப் பட்டதாரி ஊழியர்களுக்கான குழுவை மூன்று ஆண்டுகளாக நடத்துகிறேன். எந்தக் கமிட்டி அமைத்தாலும் "உங்கள் தரப்பில் ஒருவர் வேண்டும்" என்று என்னையே கூப்பிடுகிறார்கள். மாணவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். பதவி உயர்வு விண்ணப்பத்தில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை இரண்டு பாதியில் நிற்கிறது. விட்டுவிடவும் மனம் வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. நீங்கள் சொல்வது உங்கள் ஒருவருடைய பிரச்சினை அல்ல. ஸ்டான்போர்ட் பேராசிரியர் அமாடோ படில்லா 1994-இல் இதற்குக் "கலாசார வரி" என்று பெயர் வைத்தார். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஆசிரியர்களிடம், அந்த இனத்தவர் என்பதாலேயே, கமிட்டி வேலையும் ஆலோசனை வேலையும் கூடுதலாக வாங்கிக்கொண்டு, பதவி உயர்வின்போது அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதைப் பற்றி அவர் எழுதினார். நீங்கள் மூன்று ஆண்டாகக் கட்டிக்கொண்டிருப்பது அந்த வரிதான்.

என்ன செய்யலாம்? முதலில் நியமனக் கடிதம் கேளுங்கள். துணைவேந்தரோ டீனோ கையெழுத்திட்டு, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்று எழுதிய கடிதம். அது இருந்தால் பதவி உயர்வுக் கோப்பில் "நிறுவனப் பணி" என்ற தலைப்பில் வைக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பு முழுவதும் சொந்த விருப்பத்தில் செய்ததாகிவிடும்.

இரண்டாவது, பருவத்துக்கு ஒரு பாடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். "பணமா, பாடக் குறைப்பா" என்று கேட்டால் ஆசிரியர்கள் பாடக் குறைப்பைக் கேட்பது நல்லது. உங்களிடம் இல்லாதது நேரம். அலுவலக ஊழியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருந்தால் அவருக்கு மதிப்பூதியம் பொருத்தமாக இருக்கும். இது பெரிய புதுமையும் அல்ல. லிங்க்டின் நிறுவனம் 2021-இல் தன் குழுக்களின் உலகளாவிய இணைத் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் தரப்போவதாக அறிவித்தது. அவ்வளவு தொகை உங்கள் பல்கலைக்கழகம் தராது, தர வேண்டியதும் இல்லை. இது வேலை, சேவை அல்ல என்று ஒப்புக்கொண்டால் போதும்.

மூன்றாவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்று விதியை எழுதிவிட்டு நீங்களே முதலில் இறங்குங்கள். இணை ஒருங்கிணைப்பாளர் இருவர் இருக்கட்டும், ஒருவர் ஆசிரியர், ஒருவர் அலுவலகப் பிரிவு. இருவரும் ஒரே நேரத்தில் மாறாமல் ஒரு வருடம் முன்பின்னாக மாறட்டும். ஒப்படைப்பு பருவத்தின் நடுவில் நடக்க வேண்டும், விடைத்தாள் திருத்தும் வாரத்தில் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஒப்படைக்கும்போது ஒரு கோப்பு கொடுங்கள்: எந்த அதிகாரியிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, எது பாக்கி. அடுத்து வருபவர் அதே கோரிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

கமிட்டி அழைப்புகளுக்கு, "இந்தப் பருவத்தில் ஒன்றுதான் ஏற்க முடியும், குழுவிலிருந்து வேறொருவர் பெயர் தருகிறேன்" என்று பதில் அனுப்புங்கள். அந்த இரண்டு கட்டுரைகளையும் முடியுங்கள். உங்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பதும் அந்தக் குழுவுக்கு நல்லதுதான்.

கேள்வி: நான் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். "குழு என்று ஆரம்பித்துச் சங்கமாக வந்து நிற்பார்கள்" என்று எங்கள் பதிவாளர் அனுமதி தர மறுக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: சங்கம் சம்பளமும் பணி நிபந்தனையும் பேசி ஒப்பந்தம் போடும். ஆதரவுக் குழு அதைச் செய்யாது, செய்யவும் கூடாது. இன்ன விதி எங்களை இப்படிப் பாதிக்கிறது என்று எடுத்துச் சொல்வதோடு அதன் எல்லை முடிகிறது. இதை விதிகளில் எழுதிவிட்டால் பதிவாளருக்குக் கவலை குறையும்.

எனக்கு உள்ள பயம் வேறு. சங்கத்தோடு பேச வேண்டியதை நிர்வாகம் தனக்கு வசதியான ஒரு குழுவோடு பேசி முடித்துக்கொள்ளப் பார்க்கும். அமெரிக்காவின் 1935-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. எலக்ட்ரோமேஷன் என்ற நிறுவனம் வருகை ஊக்கத்தொகை, ஊதிய முறை, விடுப்பு போன்றவற்றைப் பேச ஊழியர் கமிட்டிகளைத் தானே அமைத்து நடத்தியது. அவை நிர்வாகத்தின் பிடியில் உள்ள தொழிலாளர் அமைப்புகள், சட்டவிரோதம் என்று அங்குள்ள தொழிலாளர் வாரியம் 1992-இல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் வளாகத்தில் சங்கம் இருந்தால், குழு தொடங்கும் முன் சங்க நிர்வாகிகளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் பத்திரிகை அறிவிப்பில் தெரிந்துகொண்டால் முதல் நாளே சண்டை.

இன்னொன்று, உங்கள் பிரிவைப் பற்றியது. உறுப்பினர் பட்டியலைக் கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் குழுவிலோ மனநலக் குழுவிலோ ஒருவர் பெயர் இருக்கிறது என்பதே அவருடைய உடல்நிலையை வெளியே சொல்வதாகும். எண்ணிக்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் குழுவில் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி அமைத்துக் கொடுங்கள்.

கேள்வி: என் துறை ஊழியர்கள் சேர்ந்திருக்கும் குழுவின் கூட்டத்தில் துறைத் தலைவரான நானும் உட்காரலாமா? ஆதரவு தரத்தான்.

பதில்: அவர்கள் கூப்பிட்டால் போங்கள், பேச வேண்டியதைப் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவர் எதிரே இருக்கும்போது யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். உண்மையான ஆதரவு வேண்டுமானால் அன்றைக்கு அவர்களுடைய இடத்தில் ஆள் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் பெண் ஊழியர் குழுவில் ஆண்கள் சேர விரும்பினால் மறுக்கலாமா?

பதில்: உறுப்பினர் சேர்க்கையில் மறுக்காதீர்கள். நோக்கத்தில் உடன்படும் எவரும் வரலாம் என்பதுதான் நல்ல விதி. சில இடங்களில் சட்டமும் அந்தப் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட விளக்கத்தில், இனம், பாலினம் போன்றவற்றை வைத்து ஊழியர் குழுக்களில் உறுப்பினராக விடாமல் தடுப்பது பாகுபாடாகலாம் என்று சொன்னது. டெக்சஸ் மாநிலத்தில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் எல்லாத் தரப்பினருக்கும் இடம் கிடைக்கப் பார்த்துக்கொள்ளும் பன்முகத்தன்மை அலுவலகங்களையே மூட வைத்தது. அந்த அலுவலகங்களை நம்பியிருந்த குழுக்களுக்கு இது பெரிய அடி. உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கதவு திறந்திருக்கிறது என்பதற்காகப் பேச்சை மாற்ற விட வேண்டியதில்லை. நடத்துபவர் ஆரம்பத்திலேயே, "இன்று அனுபவம் உள்ளவர்கள் முதலில் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்கட்டும்" என்று சொல்லலாம். கேட்க வந்தவர்களுக்கு அது சிரமமாக இருக்காது.

கேள்வி: எங்கள் குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். அது முழுக்க ஒரு நாள் விழாவுக்கு, மேடை, பேனர், சிறப்புப் பேச்சாளர் என்றே போய்விடுகிறது. ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிறார்கள், விழாவுக்குத்தான் கூட்டம் வருகிறது. மாற்ற முடியுமா?

பதில்: தலைக்கணக்கு கேட்கும் வரை விழாதான் நடக்கும். அறிக்கைப் படிவத்தை மாற்றச் சொல்லிக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து எழுதுங்கள். "இந்த ஆண்டு என்ன கேட்டோம், எது நடந்தது, எது நடக்கவில்லை, யார் பொறுப்பு" என்ற நான்கு கேள்விகள் இருந்தால் போதும். அந்தப் பதிலை ஆண்டுக்கு இருமுறை உங்கள் குழுவுக்குப் பொறுப்பான மூத்த அதிகாரி முன் நேரில் வாசியுங்கள். அப்படி ஒரு பொறுப்பு அதிகாரி இல்லையென்றால் முதலில் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள், பணம் ஒதுக்கும் அதிகாரம் கையில் உள்ளவராக.

பணத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கூட்டத்துக்கு வருபவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்காக அதே கூட்டத்தை இன்னொரு முறை நடத்தும் செலவு. மிச்சத்தில் விழா வைத்துக்கொள்ளுங்கள். பேனர் சின்னதாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் பணியில் இருந்தபோது ஒரு குழு விழாவை ஒரு வருடம் நிறுத்திவிட்டு, பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பூட்டக்கூடிய ஓர் அறையும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தது. அந்த வருடம் கூட்டங்களுக்கு வந்தவர்கள் குறைவு. அறையின் சாவியை வாங்கிப் போனவர்களின் பதிவேடு மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது. ஆண்டறிக்கையோடு அந்தப் பதிவேட்டின் பக்க எண்ணிக்கையை, பெயர்கள் இல்லாமல், இணைத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த ஆண்டு இரண்டாவது அறைக்குத் தொகை ஒதுக்கினார்கள்.